கடல் லீவு

வள்ளியூர்ச் சந்தைக்கு முருங்கைக்காய் வாங்க வந்த சகாய ஜெனிட்டாவைக் காய்கறிக் கடை இசக்கிமுருகன் அண்ணாச்சி காக்க வைத்துவிட்டார். போனைத் தட்டுகிறார், தட்டுகிறார், அது மசியவில்லை.

“ஞாயித்துக்கெழம வந்தா இந்த மூதி பில்லு போடமாட்டேங்கு, தங்கச்சி. மத்த நாளு சிக்னல் இல்லாட்டாலும் ஓடுது, கொற சொல்லக்கூடாது.”

எட்டிப் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரையில் ‘இன்னைக்குக் கடல் லீவு’ என்றிருந்தது.

காய்கறிக் கடைக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? அது அவள் எழுதிய வரி. உவரியில் ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை, ஏலமும் கிடையாது. அதனால் மீன் ஏலத்துக்கென்று அவள் எழுதிய செயலியில் அன்றைக்குப் பில் போட முடியாதபடி செய்திருந்தாள். அதன் மூல நிரலை இணையத்தில் பொதுவில் வைத்தபோது இரண்டு வழி சொல்லியிருந்தாள். இலவசமாக எடுத்து மாற்றலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் மாற்றிய நிரலையும் அப்படியே பொதுவில் வைக்க வேண்டும். மூடி வைத்து விற்க ஆசையா, அவளிடம் தனி உரிமம் வாங்க வேண்டும். அண்ணாச்சிக்கு இதை விற்ற பாளையங்கோட்டைக் கம்பெனிக்காரன் இரண்டையும் செய்யாமல் பெயரை மட்டும் மாற்றி விற்றிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை ஆபீசைப் பூட்டிவிட்டு வீட்டில் கறிச்சோறு தின்றவன், அன்றைக்கு இது ஓடுமா என்று பார்க்கவேயில்லை. திருட வந்தவன் குத்துவிளக்கை ஏற்றி வைத்துவிட்டுப் போன கதைதான்.

அவளுக்கு ஆத்திரத்தைவிட அந்த ‘சிக்னல் இல்லாட்டாலும்’தான் நெஞ்சில் தைத்தது. உவரிக் கரையில் சிக்னல் நிற்காது, அது போனால் அவள் செயலியும் படுத்துவிடும். ஏலம் பாதியில் நின்று நின்று, ஏலம் கூறும் அவள் அப்பா கஸ்பாரே, “இந்த மாசத்தோட இத விட்டுருவோம்ட்டி” என்று சொல்லியாயிற்று. அவள் எவ்வளவோ முட்டிப் பார்த்தும் முடியாததை அந்தக் கம்பெனி முடித்திருக்கிறது.

மறுநாளே பாளையங்கோட்டைக்குப் போய் முதலாளி கோமதிசங்கரின் முன்னால் உட்கார்ந்தாள்.

“இது நாங்களே எழுதுனதும்மா,” என்றார் அவர்.

“சரி சார். உங்க போன்ல தேதிய ஞாயித்துக்கெழமைக்கு மாத்தி ஒரு பில்லு போடுங்க.”

போட்டார். ‘இன்னைக்குக் கடல் லீவு’ என்றது போன். அவர் முகம் கருவாடாய்ச் சுண்டிப்போனது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பைய, “அந்தத் தனி உரிமத்தயே வாங்கிக்கிடுதோம். என்ன வேணும், சொல்லுங்க,” என்றார்.

“மொதல்லயே கேட்டிருந்தா குடுத்திருப்பேன். இப்பம் விக்கலை. நீங்க மாத்துனது அம்புட்டையும் பொதுவுல வைங்க. இல்லன்னா வித்த கடையில எல்லாம் எடுத்துருங்க.”

விற்ற கடைகளை நினைத்துப் பார்த்தாரோ என்னவோ, அந்த வாரமே நிரல் பொதுவுக்கு வந்துவிட்டது. அதிலிருந்து சிக்னல் இல்லாமல் ஓடும் பகுதியைத் தன் செயலிக்கு எடுத்துக்கொண்டவள், ஞாயிற்றுக்கிழமைப் பூட்டை எப்படித் திறப்பது என்று அவருக்கு எழுதி அனுப்பினாள். அண்ணாச்சியின் வியாபாரம் என்ன பாவம் செய்தது?

அடுத்த திங்கட்கிழமை விடியலில் உவரிக் கரையில் ஏலம் சூடு பிடித்திருந்தது. ஜெனிட்டாவின் போனில் சிக்னல் சுத்தமாக இல்லை. மணலில் கூறு கட்டிக் குவித்திருந்த சீலா மீனுக்கு விழுந்த விலையைத் தட்டினாள். பக்கத்திலிருந்த சின்ன பில் மிஷின் கிர்ரென்று சீட்டைத் துப்பியது. கடற்காற்றில் படபடத்த அந்தச் சீட்டைக் கஸ்பார் மீன் செதில் ஒட்டிய கட்டை விரலால் அழுத்திப் பிடித்தார். மகளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கரை முழுக்கக் கேட்கும்படி தொண்டையைத் திறந்தார்:

“அடுத்த கூறு கொண்டா லே.”