அஞ்சலையின் செய்முறைத் தேர்வு

முட்டை ஓடு நிலத்தின் வாயில் நொறுங்கும் சத்தத்தை மனையியல் இரண்டாம் ஆண்டில் முதன்முதலாகக் கேட்டேன். அவசரமில்லாமல், யோசித்து யோசித்து மெல்லும் சத்தம். காது மந்தமாகிவிட்ட இந்த வயதிலும் அது மட்டும் தெளிவாகக் கேட்கிறது.

மனையியல் மாணவிகள் ஆறு வாரம் கல்லூரித் தோட்டத்துக் கடைசியில் இருந்த பயிற்சி வீட்டில் தங்கிக் குடும்பம் நடத்த வேண்டும். வளர்ப்பதற்கு ஆளுக்கு அரை சென்ட் நிலம் கொடுத்தார்கள். பாய் போலச் சுருட்டி இடுப்பில் வைத்துக் கொண்டுவந்தோம். சாப்பாட்டு நேரத்தில் இலைக்குப் பக்கத்தில் விரித்துப் போடுவோம். வீட்டு ரேஷன் கார்டில் எங்கள் பெயர்களுக்குக் கீழே நிலங்களின் பெயர்களும் இருந்தன. சர்க்கரை அவற்றுக்கும் வந்தது. என் நிலத்தின் பெயர் அஞ்சலை.

எதைப் பரிமாறினாலும் பரிமாறுகிறவர் முதலில் ஒரு கரண்டி ருசி பார்க்க வேண்டும் என்பது முதல் பாடம். நோட்டில் சிவப்பு மையில் எழுதி அடிக்கோடு போட்டோம்.

உணவு அட்டவணையில் நிலத்துக்கு நாளைக்கு ஆறு கரண்டி யூரியா என்று இருந்தது. நான் முதல் நாளே ருசி பார்த்தேன். நாக்கு சில்லிட்டு, பிறகு கசந்தது. துப்பிவிட்டேன். அதன் பிறகு அஞ்சலைக்கு வடித்த கஞ்சி, ஊறவைத்த கடலைப் புண்ணாக்கு, முட்டை ஓடு. எல்லாவற்றையும் முதலில் நான் தின்று பார்த்தேன். புண்ணாக்கு மோசமில்லை.

பக்கத்து இலை நவமணியுடையது. அவளுடைய நிலம் அட்டவணைப்படி சாப்பிட்டு, ஒரே வாரத்தில் இடுப்புயரத்துக்குக் கத்திரிச் செடி விட்டது. ஆனால் பகலெல்லாம் தூங்கியது. மண்புழுக்கள் வந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின.

"உன் பிள்ளையப் பாரு, ஈர்க்குச்சி. பெயிலாக்கிடுவாங்கடி," என்றாள் நவமணி.

"ஆக்கட்டும். என் பிள்ளை முழிச்சுக்கிட்டாவது இருக்கா."

பெயிலானால் நிலத்தைத் திருப்பித் தர வேண்டும். அப்படித் திரும்பிய நிலங்களின் மேல் சிமென்ட் ஊற்றிப் பூப்பந்து மைதானம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு மூலை பாக்கி இருந்தது. அரை சென்ட் இருக்கும்.

செய்முறைத் தேர்வுக்கு வெளியூரிலிருந்து தேர்வாளர் வந்தார். தராசு, கரண்டி, வெள்ளை யூரியா மூட்டை எல்லாம் அவரே கொண்டுவந்திருந்தார். கரண்டியை நீட்டினார். அஞ்சலை வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"மூக்கைப் பிடிம்மா. வாய் தானா திறக்கும்."

"நீங்க ஒரு கரண்டி சாப்பிடுங்க சார். அப்புறம் பிடிக்கிறேன்."

"நான் எதுக்கும்மா சாப்பிடணும்?"

"இன்னைக்குப் பரிமாறுறது நீங்கதானே. கரண்டி உங்க கையில இருக்கு."

நோட்டைத் திறந்து காட்டினேன். அந்த விதி குடும்பத்து ஆட்களுக்குப் பரிமாறும்போது மட்டும் என்றார். கார்டில் அஞ்சலையின் பெயரைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதையும் படித்தார். முத்திரை சரியாக இருந்தது. கரண்டியைத் தன் வாயருகே கொண்டுபோனார். கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்தார். பிறகு மூட்டைக்குள் கொட்டிவிட்டு, என் பெயருக்கு நேரே பூஜ்யம் போட்டார்.

"நிலத்தை வெச்சுட்டுப் போ."

"கார்டுல இருக்கிறவங்களை விட்டுட்டுப் போற பாடம் இன்னும் நடத்தலை சார்."

அஞ்சலையைச் சுருட்டி இடுப்பில் ஏற்றிக்கொண்டேன். வாசலுக்கு வேறு வழி இருந்தது. நான் ஈர சிமென்ட்டின் குறுக்காகவே நடந்தேன். கடைசி வரைக்கும் என் பாதங்கள் பதிந்தன. பஸ்ஸில் கண்டக்டர் அவளுக்கு அரை டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.

நவமணி முதல் வகுப்பில் தேறினாள். கல்யாணத்துக்குப் பிறகும் தன் நிலத்தைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். சில நாள் நானும் போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அது எழுந்திருக்கவில்லை.

எனக்குப் பட்டம் கிடைக்கவில்லை. கார்டில் பெயர் இருந்ததால் அஞ்சலையை வேறு ஊர்க் கல்லூரியில் சேர்த்துக்கொண்டார்கள். அவளும் மனையியல்தான் எடுத்தாள். பயிற்சி வீட்டில் வளர்ப்பதற்கு அவளுக்கு என்னைக் கொடுத்தார்கள். கஞ்சியை முதலில் அவள் ஒரு கரண்டி குடித்துப் பார்த்துவிட்டுத்தான் எனக்கு ஊட்டினாள்.

அஞ்சலை துறைத் தலைவியாக இருந்து, போன வைகாசியில் ஓய்வு பெற்றாள்.