மண்சுவருக்குள் போன பெயர்

1

இந்தக் கதையை என் நாத்தனாரிடமிருந்து திருடினேன். பழைய தலைநகரம் என்று நம்பப்படும் ஒரு மேட்டில், பல்கலைக்கழக அகழாய்வின் ஐந்தாம் குழி அவள் பொறுப்பு. நகக்கண்ணில் மண்ணோடு சாப்பிட உட்கார்ந்தவள், "குழியை மூடிட்டோம் அண்ணி" என்றாள். சோற்றைப் பிசையத் தொடங்கினாள். எனக்குத்தான் எழுதக் கை அரித்தது.

2

முதல் தொடக்கம்: அந்தி வெயிலில் அரண்மனை மெல்லக் கண்விழித்து

(வேண்டாம். அங்கே இருப்பது முழங்கால் உயரச் செங்கல் சுவர்.)

இரண்டாவது: குழியை அளந்து வரைபவர் அவளை ஓரக்கண்ணால்

"அண்ணி, அவருக்குப் பேத்தி இருக்கா!"

"சரி, பேராசிரியர்?"

"அவர் திட்டறதுக்கு மட்டும்தான் வாயைத் திறப்பார். எனக்கு யாரையாவது கட்டி வெச்சாத்தான் உங்க கதை ஓடுமா?"

ஓடாது. இருபது வருஷமாகக் காதல் கதை எழுதிய பழக்கம்.

3

நடந்தது இதுதான். குழிகளுக்கு நடுவே ஒரு மண்சுவரைத் தோண்டாமல் விடுவார்கள். எந்த அடுக்கு எந்தக் காலம் என்பதற்கு அதுவே சாட்சி. கடைசி நாள் காலை, அந்தச் சுவரிலிருந்து ஒரு பானையின் தோள் எட்டிப் பார்த்தது. அதில் நான்கு எழுத்து. அரசப் பட்டம்போலத் தொடங்கி, பெயர் வரவேண்டிய இடத்தில் மண்ணுக்குள் போய்விட்டது.

பெயர் கிடைத்தால் இது தலைநகரம்தான் என்று உறுதியாகும். ஆறு வருஷமாக இழுக்கும் அவள் ஆய்வேடும் முடியும். ஆனால் சுவரின் அடுக்குகளை இன்னும் வரைந்து முடிக்கவில்லை. அனுமதி மாலையோடு சரி. மறுபடி கிடைக்குமா என்பது யாருக்கும் தெரியாது.

தேநீர் இடைவேளை. குழியில் அவள் மட்டும். கையில் கொத்துக்கரண்டி.

(இங்கே மூன்று முறை அவளைத் தோண்ட வைத்தேன். மூன்று முறையும் பேராசிரியர் கண்கலங்கினார். படித்துக் காட்டினேன்.)

"நல்லாத்தான் இருக்கு. ஆனா சுவர் போயிட்டா, அந்த ராஜா எந்தக் காலத்து ஆள்னு எப்படிச் சொல்றது?"

"நாலு விரல் அகலம்தானே? யாருக்குத் தெரியப்போகுது?"

"அடுத்து தோண்ட வர்றவங்களுக்குத் தெரியும். முதல் நாளே திட்டுவாங்க. நானே எத்தனை பேரைத் திட்டியிருக்கேன்!"

4

ஆழத்தைக் குறித்தாள். எழுத்துகளைப் படியெடுத்தாள். பானையின்மேல் துணி விரித்து மணல் கொட்டத் தொடங்கினாள். பேராசிரியர் வந்து பார்த்தார். திட்டவில்லை. மணல் கூடையின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

ஆய்வேடு இன்னும் முடியவில்லை. அதில் நான்கு எழுத்துக்குப் பிறகு ஒரு வெற்று அடைப்புக்குறி இருக்கிறது.

5

என்னிடம் அழகான ராஜா பெயர் ஒன்று இருக்கிறது. எழுதி, அடித்துவிட்டேன். நீங்களும் ஒன்று யோசித்திருப்பீர்கள். அவளுடைய அடைப்பைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன், இந்தாருங்கள்:

[                    ]

நிரப்புவதானால், சுவருக்குச் சேதமில்லாமல்.