பன்னிரண்டாவது தூண்

கிடங்கில் தூண்கள் பதினொன்று. அப்பா கட்டிய கிடங்கு. கண்ணைக் கட்டிவிட்டாலும் பெரியவருக்கு வழி தெரியும். புதிதாக வந்த சுமைதூக்கும் ரோபோவோ பன்னிரண்டு என்று சாதித்தது.

"உங்க மிஷினுக்குக் கண்ணுல புரையாம்மா?"

அதை ஓட்டிப் பழக்க வந்திருந்த இன்ஜினியர் பெண் சிரித்தாள். "இருக்கிறதே ஒத்தைக் கண்ணு ஐயா. அதையும் பழிக்காதீங்க."

ரோபோவின் தலையில் சுழலும் சென்சார் ஒளியை வீசும். அது பட்டுத் திரும்புவதை வைத்துச் சுவரும் தூணும் எவ்வளவு தூரம் என்று அளந்து, சக்கரம் சுற்றிய கணக்கையும் சேர்த்து, தான் நிற்கும் இடத்தை ரோபோ கண்டுகொள்ளும். அசையாமல் நிற்பவைதான் அதற்கு அடையாளம்.

கையிலிருந்த திரையின் வரைபடத்தில் அவள் காட்டிய பன்னிரண்டாவது புள்ளி, வாசற்படிக்கு வெளியே நாலடி தள்ளி இருந்தது. அங்கே உச்சிவெயிலில் வெறும் சிமென்ட் தரை.

"ஒரு ஆள் நிக்கிற அகலம்தான் ஐயா இருக்கு."

"கோளாறு. அழிச்சிடு."

அழித்தாள். பத்தடி போனதும் ரோபோ திசை தெரியாமல் தடுமாறி, முதல் தூணில் உரசி நின்றது.

"அந்தப் புள்ளியை நம்பித்தான் இது தன் இடத்தையே தெரிஞ்சுக்குது. அங்க யாராவது நிப்பாங்களா ஐயா?"

பெரியவர் வாசலைப் பார்த்தார். கோர்ட்டில் கூண்டேறி, அண்ணன் என்றும் பாராமல் உண்மையைச் சொன்ன தம்பி, தீர்ப்பு வந்த மறுநாள் அங்கேதான் நின்றான். காலையிலிருந்து பொழுது சாயும்வரை. அண்ணன் "வா" என்று சொல்லாமல் படியேற மாட்டான். அது அந்த வீட்டு வளர்ப்பு. பெரியவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. குடும்ப மானத்தைச் சந்தி சிரிக்க வைத்தவனுக்கு என்ன வரவேற்பு? ஆறே மாதத்தில் வெளியூரில் செத்துப்போனான். தனக்குக் கூடப்பிறந்தவர் யாருமில்லை என்றே இருபது வருடமாகச் சொல்லி வருகிறார். இவளிடம் உண்மையைச் சொன்னால் அந்தப் பொய் இன்றோடு போயிற்று.

ரோபோ தானாகத் திரும்பி வாசலைப் பார்த்து நின்றது. திரையில் அதே இடத்தில் மறுபடியும் புள்ளி.

"திரும்ப அழிக்கட்டுமா ஐயா?"

"வேண்டாம்." பெரியவர் வாசலை நோக்கிக் கை நீட்டினார். "அவன் என் தம்பி."

அவள் திகைத்து வாசலைப் பார்த்தாள். பெரியவர் எழுந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, வெறும் வெயிலைப் பார்த்துச் சொன்னார்: "எவ்வளவு நேரம்டா நிப்பே? வா."

புள்ளி அசைந்தது. படியேறியது.

"ஐயா... உள்ள வருது."

பெரியவர் திரையின் பக்கமே திரும்பவில்லை.

"தள்ளி நில்லும்மா," என்றார். "வழியை மறிக்காதே."