பூச்சிப் பார்சல்

சின்னையா ஆணியை டப்பாவுக்குள் விட்டு வெளிப்பக்கமாகக் குத்தினார். வெளியிலிருந்து உள்ளே குத்தினால் ஓட்டையின் ஓரம் முள்ளாக நீட்டிக்கொண்டு நிற்கும், பூச்சியின் வயிற்றைக் கிழித்துவிடும், வயிறு கிழிந்தால் அது பிழைக்காது என்று சிரம்பானிலிருந்து சொல்லியிருந்தான். சொன்னவன் கென்னத், அவருடைய மருமகன். மருமகன் என்று அவர் வாயால் இதுவரை சொன்னதில்லை. ‘அந்த ஆளு’ என்பார். அந்த ஆளு சொன்னது சரியாகத்தான் இருந்தது. எரிச்சலே அதுதான்.

பக்கத்தில் ஊறுகாய்ப் போத்தலில் பூச்சி கிடந்தது. உள்ளங்கை அகலம், கறுப்பு, வெயில் பட்டால் கால்களில் நீலம் ஓடும். லயத்து வீடுகளுக்குப் பின்னால் இருக்கிற செம்மண் மேட்டில் இந்த எட்டுக்கால் பூச்சிகள் பொந்து போட்டு வாழ்கின்றன. தண்ணீர்க் கான் வெட்டப் போனால் மண்வெட்டிக்கு முன்னால் முன்கால்களைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு நிற்கும். சின்னையா காலமெல்லாம் கான் வெட்டியவர். எத்தனையோ பூச்சிகளை மண்ணோடு மண்ணாக வெட்டிப் போட்டிருக்கிறார். அதை ஒருவன் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, கரப்பான் பிடித்துப் போட்டு வளர்க்கிறான் என்று கேள்விப்பட்டபோது, பொழப்பற்ற பயல் என்று மட்டும் சொன்னார். அந்தப் பொழப்பற்ற பயல் சிரம்பானில் பள்ளிக்கூட வாத்தியார், அறிவியல் பாடம் நடத்துகிறவன். நம் தோட்டத்து மேட்டில் நீலக்கால் பூச்சி இருக்கிறது, சின்னப் பிள்ளையில் பொந்துக்குள் லாலான் புல்லை விட்டு ஆட்டி அதை வெளியே வரவைப்பேன் என்று மகள் பிரேமாவதி அவனிடம் சொல்லியிருக்கிறாள். ஒன்று வேண்டும் என்று அவன் கேட்டுவிட்டான்.

நேராகக் கேட்கவில்லை. டிரெசர் அந்தோணிதாஸ் மூலமாகக் கேட்டான். மெர்போக் பக்கத்தில் இருக்கிற அந்த ரப்பர் தோட்டத்தில் மருந்தகத்தைப் பார்த்துக்கொள்கிறவர் அந்தோணிதாஸ். அங்கே ஒரு போன் உண்டு. கென்னத்துக்கு அவர் சித்தப்பா முறை. பள்ளி விடுமுறைக்குச் சித்தப்பா வீட்டுக்கு வந்த பையன்தான், மருந்தகத்தில் கூடமாட வேலை செய்துகொண்டிருந்த பிரேமாவதியைப் பார்த்தது. இரண்டு பேரும் சிரம்பானில் மாதா கோயிலில் கல்யாணத்தை முடித்துவிட்டுப் பிறகு சொல்லி அனுப்பினார்கள். சின்னையாவுக்கு மாதா கோயில் பகையில்லை. பெண்ணுக்கு அம்மை போட்டபோது அங்கே மெழுகுவத்தி ஏற்றியவர்தான். முடித்துவிட்டுச் சொன்னார்களே, அதைத்தான் அவரால் விழுங்க முடியவில்லை. காய்ச்சலுக்கும் புண்ணுக்கும் வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் மருந்தகத்து வாசலில் நின்றுகொண்டு சொன்னார். “எனக்கு மக இல்ல. இருந்தது செத்துப் போச்சு. போன் வச்சிருக்கீங்கல்ல, சொல்லிருங்க.” டிரெசர் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் அந்தப் பக்கமிருந்து பேச்சே இல்லை. தபால் வந்தாலும் மனைவி செல்லாயி பக்கத்து லயத்தில் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். அவர் கேட்கவில்லை.

இப்போது பூச்சி. “பூச்சிதான வேணும்? மனுசன் வேணாம்ல? அனுப்பிட்டாப் போச்சு” என்று சின்னையா சொன்னபோது, டிரெசர் மாத்திரையை எண்ணிக்கொண்டே, இது நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தால் தீபாவளிக்கு வரலாமா என்று இரண்டு பேரும் யோசிக்கிறார்கள் என்றார்.  சின்னையா அன்றைக்குச் சாயந்திரமே புல்லும் போத்தலுமாக மேட்டுக்குப் போய்க் குப்புறப் படுத்துவிட்டார்.

கென்னத் சொன்ன முறையெல்லாம் டிரெசர் வாய் வழியாக வந்தது. அனுப்புவதற்கு முந்தி சில நாள் இரை போடக்கூடாது. வயிறு நிறைந்திருந்தால் குலுங்கும்போது வெடித்துவிடும். டப்பா பெரிதாக இருக்கக்கூடாது. பூச்சி காலை மடக்கி உட்கார்ந்தால் அதற்கு மேல் இடமில்லாதபடி இருக்க வேண்டும், அப்போதுதான் தூக்கி எறிந்தாலும் உள்ளே உருளாது. சுற்றிலும் மெல்லிய காகிதத்தைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து வைக்க வேண்டும். பஞ்சு வேண்டாம், நகம் மாட்டிக்கொள்ளும். அந்த டப்பாவைப் பெரிய அட்டைப்பெட்டியில் வைத்து நாலு பக்கமும் பழைய பேப்பரைக் கசக்கி அடைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பார்த்துத் தபாலில் போட வேண்டும். இங்கே கெடாவில் வெள்ளிக்கிழமை லீவு, அங்கே ஞாயிற்றுக்கிழமை லீவு; வியாழக்கிழமை போட்டால் இரண்டு லீவிலும் மாட்டிக்கொண்டு வழியிலேயே காயும்.

சின்னையா எதையும் நம்புகிற ஆளில்லை. கடைக்காரன் தராசை நம்பமாட்டார். பஸ் வரும் நேரத்தை நம்பமாட்டார். தன் கையால் செய்ததை மட்டும் நம்புவார். அதனால் கோழி இறகால் பூச்சியை மெல்ல நகர்த்தி மார்ஜரின் டப்பாவுக்குள் இறக்கி, காகிதத்தை அவரே சுற்றிலும் வைத்தார். தாயின் மடியில் பிள்ளையைச் சாய்க்கிற மாதிரி இருந்தது அவருக்கே. அது பிடிக்காமல் எழுந்தார். செல்லாயி, “நீங்க போயி குளிச்சுட்டுச் சட்டைய மாத்துங்க. மூடிய அமுக்கி நான் கட்டி வைக்கிறேன்” என்றாள். அவர் குளித்து வந்தபோது அட்டைப்பெட்டி கயிறு கட்டித் தயாராக இருந்தது.

சுங்கைப்பட்டாணி வரைக்கும் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனார். பஸ் குழியில் இறங்கும்போதெல்லாம் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். தபாலாபீசில் மலாய்க்காரப் பையன் உள்ளே என்ன என்று கேட்டான். ‘லாபா-லாபா’ என்றார். எட்டுக்கால் பூச்சி. பையன், கிழவன் வேடிக்கை பேசுகிறான் என்று நினைத்துச் சிரித்துவிட்டு முத்திரையைக் குத்தினான். உண்மையைச் சொன்னால் எவன் நம்புகிறான் என்று நினைத்துக்கொண்டு சின்னையா வெளியே வந்தார்.

புதன்கிழமை மருந்தகத்திலிருந்து ஆள் வந்து கூப்பிட்டான். அந்தோணிதாஸ் மருந்துப் போத்தல்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார்.

“பூச்சி செத்துத்தாண்ணே போய்ச் சேந்திருக்கு. காலெல்லாம் வயித்துக்கடியில மடக்கிக்கிட்டுக் கெடந்துச்சாம்.”

“உசுரோட அனுப்புனேன்.”

“நான் நம்புறேண்ணே.”

“நீங்க நம்பி என்னய்யா ஆவப் போவுது?” சின்னையா போனைப் பார்த்தார். அது சும்மா இருந்தது. “பிரேமா என்ன சொன்னா?”

அந்தப் பெயர் அவர் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு டிரெசர் துணியைக் கீழே வைத்தார். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தது முகத்தில் தெரிந்தது. பிறகு, எப்படியும் தெரியத்தான் போகிறது என்று நினைத்தவர் போலச் சொன்னார்.

“அழுதுச்சாம். அப்பா அன்னைக்குச் சொன்னத மறக்கல, செத்ததத்தான் பாத்து அனுப்பியிருக்காருன்னு சொல்லிச்சாம். கென்னத்து, இல்ல வழியில செத்திருக்கும்னு எவ்வளவோ சொல்லிப் பாத்திருக்கான். கேக்கல. ஏண்ணே, அதோட பழைய பாவாடைத் துணியிலயா சுத்தி அனுப்புனீங்க? பொணத்துக்குக் கோடித்துணி போத்துன மாதிரி இருந்துச்சுன்னு சொல்லிச்சாம்.”

“துணியா?” என்றார் சின்னையா.  செருப்பைக்கூடத் தேடாமல் வெளியே வந்து நடந்தார்.

செல்லாயி புல்லு வெட்டப் போயிருந்தாள். சின்னையா கட்டிலுக்கடியிலிருந்து தகரப் பெட்டியை இழுத்துத் திறந்தார். நெடி மூக்கில் அறைந்தது. மேலாகவே இருந்தது பாவாடை. பச்சை, மஞ்சள் கரை. பிரேமாவதி ஆறாம் வகுப்புப் படித்தபோது பத்துமலை தைப்பூசத்துக்குப் போக எடுத்தது. அதன் மூலையில் கத்தரிக்கோலால் சதுரமாக வெட்டியிருந்தது; வெட்டிய நூல் இன்னும் புதுசாகச் சிலும்பிக்கொண்டிருந்தது. செல்லாயிதான் காகிதத்தை எடுத்துவிட்டு, மகள் பிரித்ததும் பார்க்கட்டும் என்று அதைச் சுற்றிலும் வைத்திருக்கிறாள். மெத்தென்று இருக்கட்டும் என்றும் நினைத்திருப்பாள். மடிப்புக்கு மடிப்பு பாச்சை உருண்டைகள் வெள்ளை வெளேரென்று கிடந்தன. மகள் போன நாளிலிருந்து தேயத் தேயப் புதுசு வாங்கிப் போட்டு, அந்தத் துணிகளை ஒரு பூச்சி தொடாமல் காத்து வைத்திருக்கிறாள். பெட்டியின் அடியில் அந்த நெடிக்குச் செத்த பாச்சை ஒன்று காய்ந்து கிடந்தது. காலெல்லாம் வயிற்றுக்கடியில் மடங்கியிருந்தது.

அதை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போதே திரும்ப நடந்தால் டிரெசர் போன் போட்டுத் தருவார். நான் இல்லை, உன் அம்மாதான் என்று சொல்லிவிடலாம். பொய்யில்லை. மனதில் பட்டதை முகத்துக்கு நேராகச் சொல்லித்தான் அவருக்குப் பழக்கம். அதனால் தோட்டத்தில் பாதிப் பேர் அவரோடு பேசுவதில்லை, அதைப் பற்றி அவருக்குக் கவலையும் இல்லை. வாசற்படி வரைக்கும் போனார். சொன்னால் அது இங்கே திரும்பி வரும். கோடித்துணி என்று பிள்ளை சொன்னது செல்லாயி காதில் விழும். ஒரு காலை வெளியே வைத்தவர் திரும்பி வந்து பெட்டியை மூடினார்.

சாயந்திரம் டிரெசரைப் பார்த்து, இன்னொரு பூச்சி வரும் என்று மட்டும் சொல்லச் சொன்னார். முன்னது எப்படிச் செத்தது என்று கேட்டால் என்ன சொல்ல என்று டிரெசர் கேட்டார். “இது உசுரோட வரட்டும். அப்பறம் கேக்கச் சொல்லுங்க” என்றார் சின்னையா.

இரண்டாவது பூச்சி மேட்டின் அடியில், வேருக்குக் கீழே இருந்தது. முன்னதைவிடப் பெரிசு. புல்லைக் கடித்து இழுத்தது, போத்தலுக்குள் போனபிறகும் கண்ணாடியை அறைந்தது. நல்லது, வீம்பு பிடித்ததுதான் வழி தாங்கும் என்று நினைத்தார். பிறகு பெட்டியைத் திறந்து, அதே பாவாடையின் அடுத்த மூலையில் அதே அளவுக்கு ஒரு சதுரம் வெட்டினார். காகிதத்தில் வைத்தே அனுப்பியிருக்கலாம். ஆனால் அப்படிச் செய்தால் முதல் துணி சிரம்பானில் கோடித்துணியாகவே கிடக்கும். அதே துணிக்குள்ளிருந்து உயிருள்ளது ஒன்று எழுந்து வர வேண்டும்.  தண்ணீர்ப் பீலியடியில் குந்தி உட்கார்ந்து, நெடி போகச் சவுக்காரம் போட்டுத் தேய்த்தார்.

செல்லாயி வாளியோடு வந்தவள் நின்றுவிட்டாள். அவர் கையிலிருந்த துணியைப் பார்த்தாள். அவர் அதை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்துவிட்டு மறுபடி தண்ணீரில் முக்கியதையும் பார்த்தாள். அவள் பீலிக்கடியில் வைத்த வாளி நிறைந்து வழிந்தது. அவள் பீலியை மூடவில்லை.

“செத்துப் போச்சா?”

“ம்.”

“நாந்தான் வச்சேன்.”

“தெரியும்.”

அவள் முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, “பிரேமா என்ன சொல்லுச்சு?” என்றாள்.

சின்னையா துணியைப் பிழிந்தார். சொட்டு விழாத அளவுக்குப் பிழிந்த பிறகும் பிழிந்தார். “அம்மா துணி வச்சிருந்துச்சு, சந்தோசம்னு சொன்னாளாம்” என்றார். அவருக்குத் தெரிந்து அவர் அவளிடம் சொன்ன முதல் பொய் அதுதான். அவள் நம்பினாளா என்று திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் லயத்துக் கம்பி முழுக்கத் துணி. பிரேமாவதியின் பள்ளிச் சட்டை, தாவணி, சின்னக் கவுன், எல்லாம் வெயிலில் ஆடிக்கொண்டிருந்தன. தகரப் பெட்டி வாய் பிளந்து வாசலில் காய்ந்தது. உருண்டைகளைக் காணோம். செல்லாயி குப்பைக் குழியில் போட்டிருப்பாள்.  சதுரத் துணியை மட்டும் அவர் தனியாக, மேட்டோரம் காற்று வருகிற பக்கம் ஒரு குச்சியில் கட்டியிருந்தார். போகிறபோதும் வருகிறபோதும் அதைப் பிடித்து மோந்து பார்த்தார். மூன்றாவது வீட்டுச் சுப்பிரமணியம் தின்பண்டம் மென்றுகொண்டே கேட்டான்.

“என்னண்ணே, வயசான காலத்துல துணிக்கு முத்தம் குடுத்துக்கிட்டு?”

“ஒம் பொண்டாட்டி துணி இல்லடா. பயப்படாமத் தின்னு.”

முதல் ஞாயிற்றுக்கிழமை நெடி போகவில்லை. செல்லாயி போய்விட்டது என்றாள், அவர் ஒப்புக்கொள்ளவில்லை. டிரெசர் ஆளனுப்பி, பார்சல் என்ன ஆயிற்று, சிரம்பானில் கேட்கிறார்கள் என்றார். யார் கேட்கிறார்கள், அவனா அவளா என்று சின்னையா திருப்பிக் கேட்டனுப்பினார். பதில் வருவதற்குள் மறுபடி ஒரு தடவை துவைத்துக் கட்டினார். மழை வந்தால் ஓடிப்போய் அவிழ்த்து, விட்டதும் கட்டினார். மூக்கே அவருக்குச் சந்தேகமாகிவிட்டது. இருக்கிறதா, இருக்கிற மாதிரி நினைப்பா என்று தெரியவில்லை. பதிலும் வந்தது. இரண்டு பேரும் கேட்டார்களாம்.

அடுத்த சனிக்கிழமை சாயந்திரம் டப்பா, ஆணி, அட்டைப்பெட்டி, கயிறு எல்லாவற்றையும் வாசலில் கொண்டுவந்து வைத்தார். தன் மூக்கை நம்பாமல், போத்தலைத் தரையில் சாய்த்து வைத்து மூடியை எடுத்தார். துணியை நாலாக மடித்து அதன் வாய்க்கு நேராக வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார். நெடி இருந்தால் பூச்சி அதில் கால் வைக்காது. செல்லாயி அடுப்படியிலிருந்து வந்து அவருக்குப் பின்னால் நின்றாள். கையில் அகப்பை இருந்தது. தூரத்தில் ரப்பர் பால் லாரி ஒன்று மேடேறிப் போனது. பூச்சி அசையவில்லை. ஓடிவிடும் என்று செல்லாயி சொல்ல வாயெடுத்தாள். சின்னையா கையை உயர்த்தினார்.

முதலில் ஒரு கால் வந்தது. போத்தலின் விளிம்பைத் தடவியது. காற்றில் தூக்கி நின்றது. சண்டைக்குத் தூக்குகிற மாதிரி இல்லை, வாசல் கதவைத் தட்டலாமா என்று யோசிக்கிற கை மாதிரி இருந்தது. பிறகு மெல்ல இறங்கி, மஞ்சள் கரையின்மேல் பட்டது. எடுக்கவில்லை. மேற்கு வெயில் அந்தக் காலின்மேல் விழுந்து நீலமாக ஓடியது. இரண்டாவது காலும் பக்கத்தில் வந்து ஊன்றியது. சின்னையா மூச்சை விடாமல், கோழி இறகுக்காகக் கையைப் பின்னால் நீட்டினார்.