‘நாங்க’ என்றால் ஒரு நாள் லீவு போச்சு

ஊசிக்கு அந்தப் பேர் வந்தது தையல் மெஷினால் அல்ல, வாயால். குடைத் தொழிற்சாலையில் எட்டுத் துண்டுத் துணியை ஒரு குடையாகச் சேர்த்துத் தைப்பது அவள் வேலை. எதிரே இருப்பவரைச் சுருக்கென்று குத்துவது பொழுதுபோக்கு. அதோடு நிறுத்தியிருக்கலாம். மேனேஜருக்குப் பிறந்தநாள் பரிசாக ஒரு நாவலை வாங்கிக் கொடுத்தாளே, அங்கேதான் பிடித்தது சனியன்.

எண்பது வருஷத்துப் பழைய நாவல். அதில் வருகிற நாட்டில் ‘நாங்கள்’ என்ற சொல்லுக்கே தடை. ‘நாங்கள்’ என்று சொன்னால் எதிரே நிற்கிற அரசாங்கம் வெளியே போய்விடுகிறதாம்; நாலு பேர் தனியாகக் கூடிவிடுகிறார்களாம். அதனால் எல்லாரும், எப்போதும், ‘நாம்’தான். பட்டினி கிடப்பவன்கூட மந்திரியிடம், “நாம் பட்டினி கிடக்கிறோம்” என்றுதான் சொல்ல வேண்டும். மந்திரி ஏப்பம் விட்டுக்கொண்டே தலையாட்டுவார்.

யார் எத்தனை தடவை தண்ணீர் குடிக்கப் போனார்கள் என்று நோட்டுப் போட்டு எழுதுகிற மேனேஜருக்கு, இதைப் படித்தால் கொஞ்சமாவது உறைக்கும் என்று நினைத்தாள். அந்த மனுஷருக்காவது, உறைப்பதாவது! மூன்றே நாளில் முடித்துவிட்டு வாயெல்லாம் பல்லாக வந்து நின்றார்.

“என்ன மூளைம்மா எழுதினவனுக்கு! பக்கத்துக்குப் பக்கம் ஐடியா! முடிவுலதான் சொதப்பிட்டான். அரசாங்கம் கவுந்துடுது. நிர்வாகம் தெரியாதவன்.”

மறுநாள் காலை நோட்டீஸ் தொங்கியது. இனி ‘நாங்கள்’ கிடையாது, ‘நாம்’ மட்டுமே. மீறினால் ஒரு தடவைக்கு ஒரு நாள் லீவு வெட்டு.

“நாங்க என்ன சார் பாவம் பண்ணோம்?” என்றாள் ஊசி. ஒரு நாள் போச்சு.

“ஐயோ, நாங்க சும்மா கேட்டோம் சார்!” இன்னொரு நாளும் போச்சு.

இது சிரிக்கிற விஷயம் இல்லை. கைப்பிடி மாட்டுகிற பிரிவில் கம்பி என்று எல்லாரும் கூப்பிடுகிற ஒல்லி ஆளுக்கும் அவளுக்கும் வருகிற வெள்ளிக்கிழமை கல்யாணம். கம்பி வாயே திறக்காதவன், அவன் லீவு முழுசாக இருந்தது. இவள் சேர்த்து வைத்திருந்த பத்து நாளில் ஏழு, வாய்க்கொழுப்பில் கரைந்துவிட்டது. மிச்சம் மூன்று. ஊருக்குப் போக ஒன்று, கல்யாணத்துக்கு ஒன்று, திரும்பி வர ஒன்று. இன்னும் ஒரே ஒரு ‘நாங்க’ வந்தால் போதும், சொந்தக்காரர்கள் சாப்பிட்டுவிட்டுக் கலைவார்கள், மணப்பெண் இங்கே குடை தைத்துக்கொண்டிருப்பாள்.

லீவுக் கடிதத்தோடு இருவரும் மேனேஜர் அறைக்குப் போனார்கள். உள்ளே வீட்டுச் சாவி வாங்க வந்த அவர் மனைவி நின்றிருந்தாள். ஊசி ஒவ்வொரு சொல்லையும் நூல் கோப்பது போல் பார்த்துப் பார்த்துக் கோத்தாள்.

“சார், வர்ற வெள்ளிக்கிழமை நாம கல்யாணம் பண்ணிக்கப் போறோம்.”

சாவியை வாங்கிக்கொண்டிருந்த மேனேஜர் மனைவி திரும்பிப் பார்த்தாள்.

“யாரு?” என்றாள் மனைவி.

“நாமதான் மேடம். ஒரு வருஷமா நாம பழகிட்டிருக்கோம். வீடுகூடப் பாத்தாச்சு.”

“ஆமா மேடம், நாமதான்,” என்றான் கம்பி. அவன் வாயைத் திறந்ததே அதிசயம். திறந்த நேரத்தைப் பாருங்கள்!

மனைவி சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுக் கணவரைப் பார்த்தாள். “ஏங்க, இந்த ‘நாம’ல நீங்களும் உண்டா?”

மேனேஜர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். “ஐயையோ, நாங்க அப்படியெல்லாம் ஒண்ணும் பண்ணலடி!”

“ஓஹோ, ‘நாங்க’ளா? நீங்களும் அவளும் உள்ள, நான் வெளியவா?”

“இல்லடி, நாம...”

“இதுல என்னையும் வேற சேத்துக்கிறீங்களா!”

மேனேஜர் ஊசியிடம் திரும்பிக் கும்பிடாத குறையாகக் கெஞ்சினார். “தாயே, சார் இல்ல, ‘நாங்க’ ரெண்டு பேருதான்னு ஒரு வார்த்தை சொல்லும்மா!”

“சொன்னா ஒரு நாள் போயிடுமே சார்.”

“போகாதும்மா! பத்து நாளும் தர்றேன்! நோட்டீஸைக் கிழிச்சுடறேன்!”

“எழுதிக் குடுங்க சார். அப்புறம் சொல்றேன்.”

மேனேஜர் கடிதத்தை இழுத்து, பத்து நாளும் உண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். “ஒரு வார்த்தைக்காக மனுஷன் இப்படித் தவிப்பான்னு அந்தப் புத்தகத்துல எங்கயும் போடலியேம்மா.”

“புத்தகமே அதுதானே சார்!”

“அப்படியா?” என்றார் மேனேஜர். “நான் ஆளுறவங்க வர்ற பக்கத்தை மட்டும்தான்மா படிச்சேன்.”