நெஞ்சில் இரண்டு தட்டு

ஊரே பார்த்து நடுங்கிய அந்த ரோபோவுக்கு மூக்கு அரித்தால் சொறிந்துகொள்ள வழியில்லை. உலகத்தை அடக்கியாள வந்த இயந்திரத்துக்கு ஒன்றுக்கு வந்துவிட்டால், முதுகுப் பக்கம் பதினான்கு கொக்கிகளை வெளியிலிருந்து ஒருவன் கழற்றிவிட வேண்டும். அந்த ஒருவனுக்குப் படப்பிடிப்பில் ‘பூட்டு’ என்று பெயர்.

அந்த ரோபோ உடைக்குள் இருந்தவர் பெயர் ‘நெட்டை’. ஆறடி மூன்றங்குலம், கூடவே கொஞ்சம் தொப்பை. மூன்று படங்களில் மனிதகுலத்தை ஒழித்துக்கட்டியவர். ஒன்றில்கூட முகம் தெரிந்ததில்லை. “எங்க வீட்டுக்காரர் சினிமாவுல இருக்கார்னா ஒருத்தரும் நம்ப மாட்டேங்கறாங்க. ஒரு தடவை தலையைக் கழட்டிட்டு வணக்கம் சொல்லச் சொல்லு தம்பி” என்று அவர் மனைவி பூட்டிடம் கேலி செய்வாள். நெட்டையை அண்ணன் என்று கூப்பிடும் பூட்டுக்கு அவள் அண்ணி.

அந்த அண்ணிதான் இப்போது பகல் காட்சிக்கு இரண்டு டிக்கெட்டோடு தியேட்டர் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். நெட்டை போய் ஏழு மாதமாகிறது. வேலையெல்லாம் முடிந்து உடை மாற்றும்போது மாரடைப்பு என்று கம்பெனி சொன்னது. பக்கத்தில் நின்ற பூட்டும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டான்.

“அவர் கடைசியா நடிச்ச சீன் எதுன்னு நீதான் காட்டணும். எல்லாத் தகரமும் எனக்கு ஒண்ணுதான்.”

“காட்டறேன் அண்ணி.”

எதைக் காட்டுவது என்று பூட்டு ஏற்கெனவே முடிவு செய்திருந்தான். பாலத்தை உடைக்கிற சீன். கம்பீரமாக இருக்கும், பார்த்துவிட்டு நிம்மதியாக வீடு போய்ச் சேர்வாள்.

படம் தொடங்கியது. திரையில் நாற்பது ரோபோக்கள் வரிசையாக நடந்தன.

“இதுல இவர் யாரு?”

“எல்லாமே கம்ப்யூட்டர்ல போட்டது அண்ணி.”

“அதான் பாத்தேன். ஒண்ணுக்கும் தொப்பையக் காணோம்.”

பாலம் வந்தது, இடிந்தது. “இதான் கடைசி” என்றான் பூட்டு, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

“நல்லாத்தான் உடைக்கிறார். வீட்ல ஒரு பாட்டில் மூடியைத் திறக்கச் சொன்னா கை வலிக்குதும்பார்.” சிரித்தாள். சிரித்த கையோடு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதோடு எழுந்து போய்விடலாம் என்றுதான் பூட்டு பார்த்தான். கொடுத்த காசுக்கு முழுசாகப் பார்ப்பேன் என்று அவள் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

ஆய்வுக்கூடக் காட்சி வந்தது. விஞ்ஞானி “நில்!” என்கிறார். ரோபோ நிற்காமல் வருகிறது.

இந்தக் காட்சியை எடுத்த அன்றைக்கு டைரக்டர் மைக்கில் சொன்னது பூட்டுக்கு இன்னும் காதில் கேட்டது. “இன்னையிலேர்ந்து நீ யார் பேச்சையும் கேக்காத மெஷின். மனசுல தோணுறதச் செய். நான் கட் சொல்றவரைக்கும் யாரும் கிட்ட போகக்கூடாது.” தலையை மாட்டிவிட்டால் உள்ளே கத்தினாலும் வெளியே கேட்காது. அதனால் அண்ணனும் அவனும் தங்களுக்குள் ஒரு சைகை வைத்திருந்தார்கள். நெஞ்சில் இரண்டு தட்டு தட்டினால், திற. தண்ணீருக்கும் அதுதான், அரிப்புக்கும் அதுதான்.

ஐந்தடி நடந்த நெட்டை நின்றார். தட்டினார், இரண்டு தட்டு.

பூட்டு அரையடி எடுத்து வைத்தான். டைரக்டர் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். “டேய், ஃப்ரேம்ல போய் விழாத! என்னமா பண்றான் பாரு! மெஷினுக்கு நெஞ்சு முளைக்குதுடா!” சுற்றி நின்றவர்கள் வாய் பிளந்து பார்த்தார்கள். பூட்டுக்குமே, சொல்ல வெட்கமாக இருக்கிறது, அண்ணன் அசத்துகிறார் என்று ஒரு கணம் பெருமையாகத்தான் இருந்தது. மறுபடியும் இரண்டு தட்டு. அப்புறம் முழங்கால் மடிந்தது. கட் சொன்ன பிறகு, பதினான்கு கொக்கியில் மூன்று அவன் கைக்குச் சிக்கவே இல்லை.

இதோ, திரையில் அந்தத் தட்டு. விசில் பறந்தது. “ரோபோவுக்கு உயிர் வந்திருச்சுடா!” என்று பின் வரிசையில் யாரோ கத்தினார்கள். மனிதன் பிடியிலிருந்து இயந்திரம் நழுவும் அபூர்வக் கணம் என்று பத்திரிகைகள் இதைத்தான் தூக்கிவைத்துக் கொண்டாடியிருந்தன.

அண்ணி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“தம்பி, இது இவர்.”

“இல்ல அண்ணி, இது வேற…”

“வேலை முடிஞ்சு வந்தா தொண்டை வறண்டு பேச்சே வராது அவருக்கு. நாற்காலியில விழுந்து இப்படித்தான் ரெண்டு தட்டு தட்டுவார். நான் சட்டை பட்டனைக் கழட்டிவிட்டு தண்ணி குடுப்பேன்.”

திரையில் மறுபடியும் இரண்டு தட்டு.

“தண்ணி கேக்கறார்” என்றாள் அண்ணி. சத்தமாகச் சொல்லவில்லை. “நீ பக்கத்துலதானே நின்ன?”

“நின்னேன்.”

“பாத்தியா?”

என்னென்னவோ பொய்கள் தயாராக இருந்தன.

“பாத்தேன் அண்ணி. நடிக்கிறார்னு நினைச்சுட்டேன்.”

அவள் திட்டவில்லை. அழுதிருந்தாலாவது தேவலை. திரையில் முழங்காலிட்ட ரோபோ மெல்ல எழுந்து நின்று, சுவரைப் பிளந்துகொண்டு வெளியே நடந்தது.

“இது?”

“கம்ப்யூட்டர்.”

“அப்ப இனிமே இவர் வரமாட்டார்.”

பையை எடுத்துக்கொண்டாள். பூட்டும் எழுந்தான். “நீ உக்காரு” என்றாள். உட்கார்ந்தான்.

பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கக் கூடாதென்று, குனிந்தபடியே நடந்து வெளியே போனாள்.