தட்டினால் விட வேண்டும்

ஜூடோ கூடத்தில் அவருக்கு உடும்பு என்று பெயர். பிடித்தால் பிடித்ததுதான், ஆள் வைத்துத்தான் பிரிக்க வேண்டும். ஆனால் அகப்பட்டவன் தோற்றேன், விடு என்று அவர் கைமேல் இரண்டு தட்டு தட்டிவிட்டால் போதும், அந்த நொடியே கை தளர்ந்துவிடும். தட்டிய பிறகும் எவனாவது பிடியை விடாமல் இருந்தால் மனுஷனுக்குக் கெட்ட கோபம் வரும். "தட்டினா விடணும்டா. அது இல்லேன்னா இது வெறும் அடிதடி" என்பார்.

லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பது அவர் தொழில். கல்யாணமான புதிதில் இந்தச் சட்டத்தை வீட்டுக்கும் கொண்டுவந்தார். யார் மேஜையைத் தட்டினாலும் மற்றவர் அத்தோடு விட்டுவிட வேண்டும், ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது. கொண்டுவந்தவர் அவர், லாபமெல்லாம் மனைவிக்கு. மோட்டார் ஏன் சூடாகிறது என்று சாப்பாட்டு நேரத்தில் அவர் ஆரம்பித்தால், அவள் சாவகாசமாக இரண்டு தட்டு தட்டுவாள். பாதிப் பேச்சில் கப்சிப். மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். ஒரு நாளும் அவர் அந்தத் தட்டலை மீறியதில்லை.

மனைவிக்குப் புற்றுநோய் வந்தது, போனது, திரும்பியும் வந்தது. டாக்டர் கையை விரித்துவிட்டார்.

"எனக்கு நம்ம வீடு போதுங்க. ஜன்னலோரமா படுத்துக்கறேன்" என்றாள் அவள்.

உடும்பு விடுவாரா? அலைந்து திரிந்து வேறொரு ஆஸ்பத்திரியைப் பிடித்தார். புது மருந்து, புது டாக்டர், நாளைக்கே சேர்த்துவிடலாம் என்று சாப்பாட்டு மேஜையில் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவள் மேஜையைத் தட்டினாள். விரலில் சதையே இல்லை, சத்தம் லேசாகத்தான் வந்தது.

அவர் நிறுத்தவில்லை. அவள் மறுபடியும் தட்டினாள்.

"அப்பா, அம்மா தட்டிட்டாங்க" என்றாள் மகள்.

"எனக்குக் கேக்கல" என்றார், யார் முகத்தையும் பார்க்காமல். பொய். அந்தச் சத்தத்துக்கென்றே பழகிய காது அது.

மனைவி கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "சரிங்க. துணி எடுத்து வைங்க" என்றாள்.

புது மருந்து ஒத்துக்கொள்ளவில்லை. தொண்டையில் குழாயை இறக்கி, மூச்சுக்கு மிஷின் பொருத்தி, மயக்கத்திலேயே வைத்திருந்தார்கள். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் உள்ளங்கையைத் தூக்கித் தன் கைமேல் வைத்துக்கொண்டார். பிடியில் மாட்டியவர்கள் எத்தனையோ பேர் தட்டிய கை.

"தட்டும்மா. விட்டுடறேன். சத்தியமா விட்டுடறேன்."

விரல்கள் அசையவில்லை. வெகுநேரம் காத்திருந்தார். பிறகு கட்டில் கம்பியில் தானே இரண்டு முறை தட்டினார். மிஷின் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.